கேட்காமல் விட்ட கேள்வி: மருத்துவமனைப் பிரேதப் பரிசோதனை பற்றி இளம் மருத்துவர்களுக்குச் சில அறிவுரைகள்



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து மருத்துவமனைகளில் இரவு டூட்டி பார்க்கிற இளம் டாக்டர்களுக்கும், நோய்க்குறியியலில் எம்.டி. சேர்ந்திருக்கிற மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நுண்ணோக்கிக்கு முன்னாலும் பிணவறை மேசைக்கு முன்னாலும் பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். போலீஸ் கேஸ் போஸ்ட்மார்ட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நோயால் இறந்த ஒருவரின் உடலை, குடும்பத்தின் சம்மதத்தோடு, மருத்துவக் காரணத்துக்காக மட்டும் திறந்து பார்க்கிற பரிசோதனையை உங்களில் பலர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். என்ன நோய், எது தவறியது, கொடுத்த மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள இருந்த அந்த வழக்கம் நம் ஊரில் ஏறக்குறைய நின்றுபோய்விட்டது.

ஏன் நின்றது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க சார்." இதை நான் ஏற்கவில்லை. ஜனங்கள் மறுத்தது கொஞ்சம். நாம் கேட்காமல் விட்டது அதிகம். கீழே சொல்வது அத்தனையும் இந்த எண்ணத்தில் கிளைத்ததுதான்.

1. எந்த மரணம் யாருக்கு உரியது என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

விபத்து, தற்கொலை, விஷம், தீக்காயம், அடிதடி, சந்தேகத்துக்கு இடமான மரணம் என்றால் அது சட்டம் சம்பந்தப்பட்ட கேஸ், அதாவது எம்.எல்.சி. காவல் நிலையத்துக்குத் தகவல் போயே ஆக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு சொல்கிறது. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலும் சந்தேகத்துக்கு இடமாக இறந்தாலும் உடல் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே குடும்பத்தின் சம்மதம் கேட்கப்படுவதில்லை.

மருத்துவமனைப் பிரேதப் பரிசோதனை அப்படியல்ல. எழுத்து மூலமான சம்மதம் கையில் இல்லாமல் கத்தியைத் தொடக்கூடாது. சந்தேக மரணத்தைச் சம்மதக் கடிதம் வாங்கி மருத்துவமனைக்குள்ளேயே முடித்துவிடப் பார்ப்பது குற்றம். கேட்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, சாதாரண நோய் மரணத்தை எம்.எல்.சி. என்று எழுதிக் குடும்பத்தைக் காவல் நிலையத்துக்கும் பிணவறைக்கும் அலையவிடுவது பாவம். இரண்டையும் செய்யாதீர்கள்.

இன்னொன்று. போலீஸ் கேஸில் எடுத்த இதயமும் நுரையீரல் துண்டும் பிளாஸ்டிக் டப்பாவில் ஃபார்மலினில் மிதந்து உங்கள் துறைக்கு வரும். கூட ஒரு சின்னச் சீட்டு வரும். கேஸ் ஷீட் வராது, சிகிச்சை கொடுத்த டாக்டரும் வரமாட்டார். அதைப் பார்த்துவிட்டு 'ஆட்டாப்ஸி கற்றுக்கொண்டேன்' என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தப் பரிசோதனை சட்டத்தின் கேள்விக்குப் பதில் சொல்கிறது. மருத்துவத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது.

2. வழக்கம் எப்படிக் குறைந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரிவு சென்னைக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவில் 1940-களில் மருத்துவமனையில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்தப் பரிசோதனை நடந்தது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தருகிற அமைப்பு, இத்தனை சதவீதமாவது செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. 1972-ல் மொத்த மரணங்களில் 19.3 சதவீதத்துக்கு அங்கே பிரேதப் பரிசோதனை நடந்தது. 2007-ல் அது 8.5 சதவீதம். இதில் சட்டத்துக்காகச் செய்வதும் சேர்த்தி. பிரிட்டனில் 2013-ல் மருத்துவமனை மரணங்களில் சம்மதத்தோடு பரிசோதிக்கப்பட்டவை 0.69 சதவீதம்தான். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

இந்தியாவில் சண்டிகர் பி.ஜி.ஐ.யும் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையும் இந்த மரபுக்குப் பேர்போன இடங்கள். 1835-லேயே மருத்துவக் கல்லூரி கண்ட ஊர் நம்முடையது. நமக்கு என்ன குறை?

காரணங்களை அடுக்குகிறேன். ஸ்கேன் மேல் வந்த அபார நம்பிக்கை. வழக்குப் பயம். பயாப்ஸி வேலை மலைபோல் குவிந்து கிடக்கிற நோய்க்குறியியல் துறை. குளிர்பதனப் பெட்டி இருந்தும் மேசை இல்லாத தனியார் மருத்துவமனைகள். செலவை யார் ஏற்பது என்ற பதிலில்லாத கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்திடம் போய்க் கேட்கிற பழக்கம் நின்று ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கேட்பதைப் பார்த்தே வளராதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

3. ஸ்கேன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது என்று நம்பாதீர்கள்.

பாஸ்டனில் கோல்ட்மன் என்பவரும் அவருடைய குழுவும் 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளிலிருந்து ஆண்டுக்கு நூறு பிரேதப் பரிசோதனைகளை எடுத்து ஒப்பிட்டு 1983-ல் வெளியிட்டார்கள். மூன்று காலத்திலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, உயிரோடு இருந்தபோதே தெரிந்திருந்தால் சிகிச்சையை மாற்றி ஆயுளை நீட்டியிருக்கக்கூடிய ஒரு முக்கிய நோய் தவறவிடப்பட்டிருந்தது. இடையில் அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் வந்துவிட்டன, விகிதம் குறையவில்லை. 2003-ல் ஷோஜானியா குழு பல பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தது. பிழைகள் காலப்போக்கில் குறைந்திருந்தன. ஆனாலும் அன்றைய அமெரிக்க மருத்துவமனையிலேயே முக்கிய நோயைத் தவறவிடுவது 8.4 முதல் 24.4 சதவீதம் வரை இருக்கலாம் என்று அவர்கள் கணித்தார்கள்.

தவறுகிறவை பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான்: நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி, மகாதமனிக் கிழிவு, ஒளிந்திருந்த காசநோய், எதிர்ப்புச் சக்தி இழந்த உடலில் பரவிய பூஞ்சை.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் இறந்தவர்களின் உடலைத் திறக்க உலகமே தயங்கியபோது, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் முதல் 12 பேரின் உடல்களை வரிசையாகப் பரிசோதித்தார்கள். அவர்களில் 7 பேருக்குக் கால் சிரைகளில் ரத்தக்கட்டி இருந்தது. உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் அது தெரியவில்லை. 4 பேர் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததால் இறந்திருந்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பற்றி உலகம் தீவிரமாக யோசித்ததற்கு இப்படிப்பட்ட மேசைகளும் காரணம். இறப்புகளைத் திறந்து பார்க்காத மருத்துவமனை, இரவில் கல்லாவை எண்ணாமலே கடையை அடைக்கிற வியாபாரியைப் போல: நஷ்டம் எவ்வளவு என்று கடைசிவரை தெரியாது.

4. 'நம்ம ஜனங்க சம்மதிக்க மாட்டாங்க' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

உறுப்பு தானத்தைப் பாருங்கள். 2008 செப்டம்பரில் ஹிதேந்திரன் என்ற சிறுவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவனுடைய இதயம் போவதற்காகப் போலீஸ் போக்குவரத்தை ஒதுக்கிக் கொடுத்தது. ஊரே அந்தச் செய்தியில் நெகிழ்ந்தது. அதே காலத்தில் அரசு முறையான விதிகளை வகுத்தது. மருத்துவமனைகளில் குடும்பத்தோடு பேசுவதற்கென்றே ஒருங்கிணைப்பாளர்கள் வந்தார்கள். அதன் பிறகு உறுப்பு தானத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடியானது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்தார்.

மதமும் சடங்கும் பாசமும் 2008-க்கு முன்னாலும் பின்னாலும் அதே மாதிரிதான் இருந்தன. மாறியது ஒன்றே ஒன்று: பயிற்சி பெற்ற ஒருவர், சரியான நேரத்தில், மரியாதையோடு போய்க் கேட்டார். துடிக்கிற இதயத்தையே எடுத்துக்கொடுக்க மனம் வருகிற குடும்பங்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்றால் கேட்கக்கூட மாட்டார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

5. கேட்கிற விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு கேட்காதீர்கள். பில் செட்டில் பண்ணுகிற கவுன்டருக்குப் பக்கத்தில் வைத்தும் கேட்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பயிற்சி மருத்துவரை அனுப்பிக் கேட்க வைக்காதீர்கள். நோயாளியைத் தினமும் பார்த்த டாக்டர், முடிந்தால் யூனிட் சீஃபே, ஒரு அறையில் அவர்களை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து பேச வேண்டும். 'அறுப்பது' என்ற சொல் வாயில் வரவே கூடாது. நான் கேட்கிற விதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அம்மா, ஐயாவைக் காப்பாத்த எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம். ஜுரம் கடைசிவரைக்கும் ஏன் அடங்கலைன்னு எங்களுக்கே முழுசா விளங்கலை. நீங்க அனுமதிச்சா உள்ளே பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு இருக்கோம். முகத்துல, கையில எதுவும் படாது. வேட்டி சட்டை போட்டா வெளியில தெரியாது. இதுல போலீஸ் கிடையாது, கோர்ட் கிடையாது, உங்களுக்குச் செலவும் கிடையாது. எத்தனை மணிக்கு எடுக்கறதா இருக்கீங்கன்னு சொல்லுங்க, அதுக்கு முன்னால ஒப்படைச்சிடறோம். வேண்டாம்னு தோணினா தயங்காம சொல்லுங்க, எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் தங்களுக்குள் பேசட்டும். மறுத்தால் இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள்.

நம் வீடுகளில் பேசுகிறவர் ஒருவர், உரிமை உள்ளவர் வேறொருவர். பெரியப்பாவும் மாமாவும் முன்னால் நின்று பேசுவார்கள். மனைவி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார். பெரியவர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுங்கள். ஆனால் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி, அவருடைய வாயிலிருந்து பதில் வரும்படி கேளுங்கள். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.

6. நேரத்தைச் சாக்குச் சொல்லாதீர்கள்.

"உடனே எடுக்கணும்னு சொல்வாங்க" என்பது பாதி உண்மைதான். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் எத்தனை வீடுகளில் மகன் நியூஜெர்சியிலும் மகள் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்! விமானம் பிடித்து அவர்கள் வந்து சேரும்வரை வாடகை ஃப்ரீசர் பாக்ஸில் உடல் ஒரு நாள், இரண்டு நாள் காத்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பெசன்ட் நகருக்கோ கண்ணம்மாபேட்டைக்கோ போகிறது. முழுப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். எடுக்கிற நேரம் எப்போது, ராகுகாலம் எமகண்டம் பார்க்கிறவர்களா என்று நீங்களே கேட்டு, அதற்கு முன்னால் முடித்துக்கொடுங்கள்.

இஸ்லாமியக் குடும்பங்களில் அடக்கம் சீக்கிரம் நடக்க வேண்டும். அவர்களுக்கு உண்மையிலேயே நேரம் இல்லை. அங்கே முழுப் பரிசோதனையைக் கேட்காமல், எட்டாவது அறிவுரையில் சொல்லப்போகிற ஊசி முறையைச் சொல்லிப் பாருங்கள். சொன்ன நேரத்தில் ஒரு உடலை ஒப்படைத்தால் அந்தப் பேச்சு நூறு வீட்டுக்குப் போகும். தாமதித்தாலும் போகும்.

7. உடலை உங்கள் வீட்டுப் பெரியவரின் உடலாக நினைத்துத் தொடுங்கள்.

மேசைக்கு வருமுன் மூன்றைச் சரிபாருங்கள்: கையில் கட்டிய பெயர்ச் சீட்டு, சம்மதக் கடிதம், கேஸ் ஷீட். சம்மதத்தில் 'நெஞ்சு மட்டும்' என்று இருந்தால் வயிற்றைத் தொடாதீர்கள். முதல் கீறலிலிருந்து கடைசித் தையல்வரை நோய்க்குறியியல் டாக்டர் மேசையருகில் இருக்க வேண்டும். உதவியாளரிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு, உறுப்புகள் தட்டில் வந்த பிறகு கையுறை மாட்டுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை உங்கள் தலைமுறையோடு ஒழித்துவிடுங்கள்.

கீறல் கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலருக்குள்ளோ ரவிக்கைக்குள்ளோ மறைகிற இடத்தில் தொடங்கட்டும். மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு காதின் பின்புறத்திலிருந்து மறு காதின் பின்புறம்வரை, முடிக்குள் மறைகிற மாதிரி. மார்பெலும்பைத் தூக்கியதும் இதயத்தையும் நுரையீரலையும் அவசரப்பட்டு வெளியே எடுத்துவிடாதீர்கள். இதயப்பையைத் திறந்து, நுரையீரலுக்குப் போகிற பெருங்குழாயை அது இருந்த இடத்திலேயே கீறி, விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ரத்தக்கட்டி இருந்தால் அப்போதே விரலில் தட்டுப்படும். எடுத்த பிறகு பார்த்தால் அது நழுவிப் போயிருக்கலாம். இறந்த பிறகு உறைந்த ரத்தம் வழவழவென்று, பளபளப்பாக, எளிதில் உருவிக்கொண்டு வரும். உயிரோடு இருந்தபோது உண்டான கட்டி காய்ந்து, உதிர்கிற மாதிரி, குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசத்தைப் புத்தகம் சொல்லும். உங்கள் விரல் தெரிந்துகொள்வது மேசையில்தான்.

இதய ரத்தக்குழாய்களை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். எல்லா உறுப்பையும் எடைபோடுங்கள். திசுத் துண்டின் கன அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் ஊற்றுங்கள். கடைசியில் நெருக்கமாகத் தையல் போட்டு, கசிவில்லாமல் அடைத்து, வெந்நீரில் துடைத்து, தலைமுடியைச் சீவி, குடும்பம் கொண்டுவந்த புடவையையோ வேட்டியையோ சுற்றி ஒப்படையுங்கள். உங்களோடு நின்ற பிணவறை உதவியாளரைப் பெயர் சொல்லி அழையுங்கள். சமூகம் தள்ளிவைத்துப் பார்க்கிற வேலையை அவர் செய்கிறார். உங்கள் கையளவுக்கு அவர் கைக்கும் அங்கே மதிப்பு உண்டு.

8. முழுசாக முடியாவிட்டால் குறைவாகக் கேளுங்கள்.

எல்லாம், அல்லது ஒன்றுமில்லை என்று நிற்காதீர்கள். இதயம் மட்டும், நுரையீரல் மட்டும், பழைய ஆபரேஷன் தழும்பு வழியாக மட்டும் என்று கேட்கலாம். இறந்த சில மணி நேரத்துக்குள் ஊசியால் நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றிலிருந்து நூலளவு திசு எடுத்துப் பரிசோதிக்கிற முறை இப்போது உலகெங்கும் பரவிவருகிறது. டில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளின் இறப்புக் காரணத்தை அறிய இதைச் செய்திருக்கிறார்கள். தொற்றுநோய்களைக் கண்டுபிடிப்பதில் ஊசி நன்றாகவே கைகொடுக்கிறது.

2021-ல் டில்லி எய்ம்ஸில் சி.டி. ஸ்கேன் மூலம் உடலைத் திறக்காமலே பரிசோதிக்கிற மையம் தொடங்கியது. எலும்பு முறிவு, உள் ரத்தக்கசிவு போன்றவற்றை அது அருமையாகக் காட்டும். ஆனால் தொற்று எந்தக் கிருமியால் வந்தது என்று ஸ்கேன் சொல்லாது. நுரையீரல் ரத்தக்கட்டியை இறந்தபின் உறைந்த ரத்தத்திலிருந்து பிரித்துச் சொல்லவும் தடுமாறும். ஸ்கேனும் ஊசியும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஓரளவு ஈடுகட்டும். ஒன்றுமே தெரியாமல் எரிப்பதைவிட ஒரு துண்டுத் திசு மேல்.

9. குழந்தையை இழந்த பெற்றோரிடம் கட்டாயம் கேளுங்கள்.

வயிற்றிலேயே இறந்த குழந்தை, குறையோடு பிறந்து இறந்த குழந்தை என்றால் பெற்றோர் மனதில் ஒரே கேள்வி: அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் பிரேதப் பரிசோதனைக்கு ஈடான வழிகள் குறைவு. ஸ்கேனில் தெரியாத சின்னக் குறைபாடுகள், நஞ்சுக்கொடியின் கோளாறு, பரம்பரை நோயின் அடையாளம் எல்லாம் அங்கே கிடைக்கும். மயிலாப்பூர் டாக்டர் நடேசன் சாலையில் இயங்குகிற மெடிஸ்கேன் போன்ற கரு மருத்துவ மையங்கள் நம் பகுதியிலேயே இருக்கின்றன. பிறவிக் குறைபாடுகளுக்கான பதிவேடு ஒன்றும் அந்த மருத்துவர்களின் முயற்சியில் வளர்ந்திருக்கிறது. குழந்தை பெற்ற தாய் எழுந்து உட்காரக்கூட முடியாத நிலையில், உறவினர்கள் அவசரமாகத் துணியில் சுற்றி எடுத்துப்போய்விடுவார்கள். அதற்கு முன்னால் அந்தத் தாயிடமும் தகப்பனிடமும் பேசுங்கள். நஞ்சுக்கொடியைக் குப்பையில் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

10. வழக்குக்குப் பயந்து உண்மையை மூடாதீர்கள்.

1995 நவம்பரில் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்புச் சொன்னது. அன்றிலிருந்து பல டாக்டர்களுக்கு ஒரு பயம்: திறந்து பார்த்தால் நம் தவறு வெளியே வந்துவிடுமோ? பயத்தை நான் இகழவில்லை. ஆனால் நோயாளியின் வீட்டார் கோர்ட்டுக்குப் போவது பெரும்பாலும் சந்தேகத்தால். எங்களிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வக்கீல் வீட்டுப் படியேற வைக்கிறது. நாங்களே திறந்து பார்க்கிறோம், கண்டதைச் சொல்கிறோம் என்று முன்வருகிற டாக்டரிடம் அந்தச் சந்தேகம் பாதி கரைந்துவிடும். சரியாகச் சிகிச்சை கொடுத்தவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தவறு நடந்திருந்தால் அது அடுத்த நோயாளிக்கு நடக்காமல் தடுக்க வேறு வழியும் கிடையாது.

இதில் நம் பக்கம் ஒரு கடமை உண்டு. பிரிட்டனில் லிவர்பூல் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில், இறந்த குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குச் சொல்லாமலே எடுத்து வைத்திருந்தது 1999-ல் அம்பலமானது. நாடே கொதித்தது. 2004-ல் புதுச் சட்டமே வந்தது. அதன் பிறகு பெற்றோரின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது அந்த நாட்டு டாக்டர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. எந்த உறுப்பை வைத்துக்கொள்கிறோம், எத்தனை நாளுக்கு, பிறகு என்ன செய்வோம் என்பதைச் சம்மதக் கடிதத்தில் தமிழில், தெளிவாக எழுதுங்கள்.

11. கண்டதைக் குடும்பத்துக்குத் திருப்பிச் சொல்லுங்கள்.

பரிசோதனை செய்துவிட்டு அறிக்கையை அலமாரியில் அடைத்தால் அடுத்த வீடு சம்மதிக்காது; சம்மதிக்கவும் கூடாது. கண்ணால் கண்டதை இரண்டு நாளில் எழுதுங்கள். நுண்ணோக்கி முடிவோடு முழு அறிக்கை இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். அதற்குமேல் இழுத்தடித்தால் சிகிச்சை கொடுத்த டாக்டருக்கே ஆர்வம் போய்விடும்.

பத்து, பதின்மூன்று, பதினாறு என்று அவரவர் வழக்கப்படி காரியம் முடியட்டும். பிறகு ஒரு நாள் குடும்பத்தை அழைத்து உட்காரவைத்துத் தமிழில் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு இருந்தது இன்ன நோய். நீங்க இன்னும் சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது." இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு நிம்மதியாக அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ' என்று காலமெல்லாம் குமைகிற மகளுக்கு எந்த மாத்திரையும் தராத மருந்து அது. குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வரக்கூடிய இதயநோய் என்றால் தம்பிகளையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள். இறந்தவர் அவர்களுக்குச் செய்கிற கடைசி உதவி அது.

12. இறப்புச் சான்றிதழைப் பொறுப்போடு எழுதுங்கள்.

இறப்புக் காரணத்தைச் சான்றளிக்கிற படிவம் 4-ல் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது காரணம் சொல்வதாகாது. இறக்கிற எல்லோருக்கும் இதயமும் மூச்சும் நின்றுதான் போகின்றன. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான். 2023-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவமனைகள் காரணச் சான்றைக் கொடுத்தே ஆக வேண்டும், நெருங்கிய உறவினருக்கும் ஒரு பிரதி தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கடமை கூடியிருக்கிறது, காரணத்தைக் கண்டறிகிற வழி சுருங்கியிருக்கிறது.

இதே சென்னையில் டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து, இறந்தவர்களின் வீடு வீடாக ஆளனுப்பி, அறிகுறிகளைக் கேட்டறிந்து, சுமார் 48,000 பெரியவர்களின் இறப்புக் காரணங்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். சான்றிதழில் காரணம் தெளிவில்லாமல் விட்ட மரணங்கள் பலவற்றுக்கு அதில் விடை கிடைத்தது. வீட்டில் இறந்தவருக்கே இவ்வளவு பாடுபட்டு விடை தேட முடியும் என்றால், நம் வார்டில், நம் கண்ணெதிரே இறந்தவருக்கு நாம் எவ்வளவு தேட வேண்டும்?

மாதம் ஒருமுறை டெத் மீட்டிங் நடத்துங்கள். சிகிச்சை கொடுத்தவரும் நோய்க்குறியியலாளரும் ரேடியாலஜிஸ்டும் ஒரே மேசையில் உட்காரட்டும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேசுங்கள். சீனியரின் தவறாக இருந்தாலும் அதைச் சொல்ல ஜூனியருக்கு இடம் கொடுங்கள்.

13. நிர்வாகத்திடம் இடமும் ஆளும் கேட்டு வாங்குங்கள்.

இறந்தவருக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. பரிசோதனையால் மருத்துவமனைக்கு வருமானமும் கிடையாது. அதனால் தானாக யாரும் முன்வரமாட்டார்கள். தனியார் மருத்துவமனை ஒவ்வொன்றும் மேசை போட வேண்டியதில்லை. நகரத்தின் மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றிரண்டைப் பொது மையமாக்கி, தென்சென்னை மருத்துவமனைகள் சம்மதம் பெற்ற உடல்களை அங்கே அனுப்பலாம். வண்டிச் செலவையும் பரிசோதனைச் செலவையும் மருத்துவமனை ஏற்க வேண்டும். குடும்பத்திடம் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. உறுப்பு தானத்துக்காகப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களையே இதற்கும் பயன்படுத்தலாம். அங்கீகாரம் தருகிற அமைப்புகள், எத்தனை மரணத்தில் சம்மதம் கேட்டீர்கள் என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்க வேண்டும். கிடைத்த சம்மதத்தின் கணக்கைவிட, கேட்டதன் கணக்கு முக்கியம். எம்.டி. தேர்வில் தானே முழுசாகச் செய்த பரிசோதனைகளின் பதிவேட்டைப் பார்க்காமல் யாரையும் தேர்ச்சி பெற விடக்கூடாது.

இவை உடனே நடக்காது. எழுதிக்கொடுங்கள், கூட்டத்தில் பேசுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

ஆனால் முதல் வேலைக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். உங்கள் வார்டில் அடுத்து ஒருவர் இறக்கும்போது, அவர் ஏன் இறந்தார் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள். தெரியாது என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குடும்பத்தோடு உட்காருங்கள்; மரியாதையோடு கேளுங்கள். பத்தில் எட்டு வீடு மறுக்கட்டும். சம்மதிக்கிற இரண்டு வீடு உங்களுக்குக் கற்றுத்தருவதை எந்தப் புத்தகமும் கற்றுத்தராது. கேளுங்கள் பிள்ளைகளே. நாங்கள் விட்டதை நீங்கள் தொடங்குங்கள்.